திறந்திருந்தால் எரியாது

அன்புள்ள கமாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். போன வாரத்திலிருந்து உன் தொலைபேசி மணி அடித்து அடித்துத் தானாக ஓய்கிறது. கடிதம் அப்படி ஓயாது என்பதால் பேனாவை எடுத்தேன். இதிலும் காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் போட்டுக்கொள். அப்பாவின் கடிதத்தையே திருத்தித் திருப்பி அனுப்பி, கமா என்று பெயர் வாங்கியவள்தானே நீ.

உன் அத்தானுக்கு முட்டிவலி பரவாயில்லை. மாடிப்படியைச் சத்தமில்லாமல் ஏறிவிடுகிறார், இறங்கும்போதுதான் ஊரைக் கூட்டுகிறார். எனக்குப் பின்னால் வந்து நின்று, "தங்கச்சியத் திட்டறதுன்னா ரெண்டாம் பக்கத்துல திட்டு, மொதப் பக்கத்துல நலம் விசாரி" என்கிறார். விசாரித்தாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போனதால் நான் முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே ஏழாம் வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். மின்சாரப் பாடத்துக்கு நான் முதலில் புத்தகத்தைத் தொடுவதில்லை. பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்து, ஆளுக்கொரு சட்டைப் பொத்தான் கொடுத்தேன். நான் கை தட்டியதும் அவரவர் பொத்தானை வலப்பக்கத்தவருக்குக் கொடுத்துவிட்டு, இடப்பக்கத்தவரிடமிருந்து வாங்க வேண்டும். கொடுக்க முடியாதவர் வாங்கவும் கூடாது. கை தட்டிய நான் பேட்டரி. பொத்தான் கைமாறும்போதெல்லாம் குதிக்க வேண்டியவன் பல்பு. ஒரு பெண் சுவிட்ச். அவள் ஓரடி பின்னால் போய் வட்டத்தைத் திறந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன் மட்டுமா நின்றான்? எதிர்ப்பக்கம் இருந்த பல்பும் அதே நொடியில் நின்றுவிட்டான். "கரண்ட் போச்சு!" என்று வகுப்பே கத்தியது. ஆனால் யார் கையிலும் பொத்தான் தீர்ந்துபோகவில்லை. கரண்ட் எங்கேயும் போகவில்லை, வழிதான் விட்டுப்போயிற்று என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் சுவிட்ச் என்றே பெயர்.

பிறகு மேலிடத்திலிருந்து பொதுத் தேர்வுத்தாள் வந்தது. 'மின்சுற்று திறந்திருக்கும்போது விளக்கு எரியுமா?' என்று ஒரு கேள்வி. என் பிள்ளைகள் ஒருவர் விடாமல் 'எரியாது' என்று எழுதினார்கள். கூடவே வந்த விடைக்குறிப்பில் 'எரியும்' என்று இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்துப் புத்தகத்தைப் புரட்டினேன். அங்கேயும் அதேதான்: திறந்திருந்தால் எரியும், மூடியிருந்தால் எரியாது.

தலைமையாசிரியருக்கு ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. வகுப்பு முழுக்க ஒரே தப்பு, அதுவும் ஒரே வார்த்தையில். காப்பி அடித்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டார். 'பார்த்து எழுதினேன், மன்னிக்கவும்' என்று ஒவ்வொரு பிள்ளையும் எழுதி, வீட்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டுமாம். நான் பேட்டரி, பல்பு, சுவிட்ச் எல்லாவற்றையும் அவர் மேசைமேலேயே இணைத்தேன். சுவிட்சைத் திறந்தேன், அணைந்தது. மூடினேன், எரிந்தது. மறுபடியும் திறந்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "டீச்சர், உங்க பல்பு எரியலங்கறதுக்காக அத்தனை பள்ளிக்கூடத்துக்கும் அச்சடிச்ச புத்தகத்தத் தப்புன்னு சொல்ல முடியுமா? மேலேருந்து யாராவது சொல்லட்டும், கேட்டுக்கறேன்." எரியாத பல்பைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு சொல்கிறார்.

மற்றப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், பாவம். சுவிட்ச் மட்டும் எழுதவில்லை. அவள் அப்பா பஸ் ஓட்டுகிறவர், அம்மா துணிக்கடையில் நிற்கிறவள். அந்த அம்மாகூட என் முன்னாலேயே கெஞ்சினாள்: "ஒரு வரிதானே பாப்பா, எழுதிக் குடுத்துட்டுத் தொலை." அதற்கு அவள், "நான் யாரையும் பாக்கலையேம்மா, பாத்தேன்னு எப்படி எழுதறது?" என்றாள். இப்போது தலைமையாசிரியர் உத்தரவால் என் வகுப்பு நேரத்தில் அவள் வெளியே வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே பாடம் நடத்துகிறேன். வருகிற திங்கட்கிழமையும் எழுதித் தராவிட்டால் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறு பள்ளி பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் சொல்லத்தான் போன வாரம் உன்னைக் கூப்பிட்டேன். பாடநூல் அலுவலகத்தில் இந்தப் புத்தகத்தின் தமிழைச் சீர்செய்தவள் என் தங்கை, அவளிடம் கேட்டால் எங்கே தவறியது என்று தெரிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். நீ சிரித்தாய். "மூடின வழியில மின்சாரம் எப்படிக்கா போகும்? எழுதினவருக்குத் தமிழ் தகராறுன்னு நெனச்சு நான்தான் மாத்திப் போட்டேன்" என்றாய். நான் விளக்கியதும் சிரிப்பு நின்றது. அப்புறம் சொன்னாயே, "அடுத்த பதிப்புல பாத்துக்கலாம், இப்பக் கிளறாதக்கா, எனக்குப் பதவி உயர்வு வர்ற நேரம்" என்று. அதுதான் எனக்கு இறங்கவில்லை.

நீ செய்த தவறு எனக்குப் புதிதல்ல. வருடம் தவறாமல் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதே, சுற்றைத் திறந்தால் ஏன் கரண்ட் நிற்கிறது என்று. நல்ல கேள்வி. நம் பேச்சில் திறப்பது என்றால் வழிவிடுவது. சுற்றில் திறப்பது என்றால் கோத்த கையை விடுவது. சுவிட்ச் குழாய் மாதிரி இல்லை, பாலம் மாதிரி. நடுப்பலகையை எடுத்துவிட்டால் இரண்டு கரையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இப்படிக் கேட்ட பிள்ளையை நான் ஒருநாளும் திட்டியதில்லை, உன்னையும் திட்டவில்லை. மாற்றியதற்காக என்றால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாயே, அதற்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது. அடுத்த பதிப்பு வரும்போது இந்தப் பெண் எந்தப் பள்ளி வாசலில் நிற்பாள்? சரியாக எழுதியவள் வெளியே, தப்பாகத் திருத்தியவர்கள் நாற்காலியில். இது என்ன நியாயம்? உன் மகளை இப்படி வெளியே உட்காரவைத்தால் பேசாமல் இருப்பாயா?

மாற்றியது என் தங்கை என்று இன்னும் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. மானத்துக்காக அல்ல. உன் வாயால் வரட்டும் என்று காத்திருக்கிறேன். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், சனிக்கிழமைக்குள் கிடைத்துவிடும். திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடு. எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் தலைமையாசிரியர் அறையில்தான் நின்றுகொண்டிருப்பேன். மேலேருந்து யாராவது சொல்லட்டும் என்றாரே, அந்த மேலே இருப்பவள் நீதான்.

நீ கூப்பிடாவிட்டால் நானே சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உனக்காக அழுவேன். அப்படி ஆகவிடாதே, கண்ணே. உனக்கு வர வேண்டியது எல்லாம் வரட்டும், உன் பிள்ளைகள் உன்னைப் பார்த்துத் தலைநிமிரட்டும். திங்கட்கிழமை அந்த அறையில் உன் குரல் கேட்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அது போதும். எனக்கும்தான்.

கோபம் தணியாத, பாசமும் குறையாத
உன் அக்கா