கூடம்தான் கோணல், மாமா

என் அன்பு மாமாவுக்கு,

ஊருக்கு நீங்கள் ஹார்டுவேர் கடைக்காரர், பிள்ளைக்கு நைனா. எனக்குக் கல்யாணத்துக்கு முன்னால் அத்தை மகன், பின்னால் வீட்டுக்காரர், இரண்டு காலத்திலும் மாமாதான். மாசியில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டீர்கள். போனவரைத் திட்டக் கூடாது என்பார்கள். ஆனாலும் இன்று கொஞ்சம் திட்டப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் சேதி. நான் கார் ஓட்டுகிறேன். ஆமாம், நானேதான்! நீங்கள் இருந்தவரை ஸ்டியரிங்கைத் தொட விட்டீர்களா? தொண்டூர் பள்ளிக்கூடத்துக்கு தினமும் நீங்களே கொண்டுபோய் விட்டீர்கள். இப்போது ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் எடுத்துவிட்டேன்.

அவர்கள் வண்டியில் ஒழுங்காகத்தான் ஓட்டினேன். நம் பழைய வெள்ளைக் காரில் ஏறியதும் வந்தது வினை. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் போதும், இன்ஜின் உறுமும், தணியும், குலுங்கி அப்படியே அணைந்துவிடும். கூட்டு ரோட்டில் நட்டநடுவே நின்றுவிட்டேன். பின்னால் லாரி ஹாரன். ஒரு ஆள் ஜன்னலில் குனிந்து, "கிளட்ச்ச மெதுவா வுடும்மா" என்று பாடம் எடுத்தார். நான் நியூட்ரலில் இருந்தேன் மாமா!

வண்டியில்தான் கோளாறு என்று அக்கம்பக்கத்தில் சொன்னால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரிக்கிறார்கள். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால்? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உங்கள் கையில் ஒருநாளும் அணையாத வண்டி என் கையில் மட்டும் ஏன் அணைகிறது?

பெரியவன் ஓசூரில் இருந்து போன் செய்தான். "இன்னாத்துக்கும்மா இந்தத் தலவலி? ஞாயித்துக்கெழம வர்றேன். அத எடைக்குப் போட்டுட்டு ஒனக்கு ஒரு ஸ்கூட்டி எடுத்துத் தர்றேன்." பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் காலில் தப்பில்லை என்று தெரியாமல் அந்த வண்டியை அனுப்பிவிட்டால், இனி எந்த ஸ்டியரிங்கையும் நான் தொட மாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை கமால் பாய் பட்டறைக்குத் தள்ளாத குறையாகக் கொண்டுபோனேன். இத்தனை வருஷமும் இந்த வண்டியைப் பார்த்தவர் அவர்தானே. பிளக் மாற்றினார், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினார், இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவிப் போட்டார். ம்ஹூம். "பழைய கார்புரேட்டர் வண்டின்னா ஒரு ஸ்க்ரூவத் திருப்பி சரி பண்ணிடுவேன் டீச்சர். இது சென்சார் சொல்றதக் கேட்டுத்தான் பெட்ரோல் வுடுது. பாக்கி இருக்கறது கம்ப்யூட்டர் பெட்டி ஒண்ணுதான். அது இப்ப எங்கயும் கெடைக்கல" என்று கையைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று பானெட்டுக்குள் பார்த்தபடி நின்றேன்.

பாய் எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சந்தனமும் குங்குமமும் இலந்தைப்பழ அளவுக்குக் காய்ந்து கிடந்தது.

"இது இன்னா பாய்?"

"சார் வச்ச பொட்டு. வருசா வருசம் ஆயுத பூசைக்கு அங்கதான் வைப்பாரு. சாமி சமாச்சாரம், நான் கை வெக்கமாட்டேன். சுத்தித் தொடச்சு வுட்டுடுவேன்."

"அதுக்கு அடியில இன்னா இருக்குது?"

பாய் பானெட்டுக்குள் குனிந்து பார்த்தார். "சென்சாரு" என்றார், குரலே எழும்பாமல்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துடையுங்கள் என்றால் அவர், "நீங்களே எடுங்க டீச்சர்" என்று ஒதுங்கி நின்றார். ஈரத்துணியோடு குனிந்தேன். மேல் பூச்சில் உங்கள் மோதிர விரலின் ரேகை தெரிந்தது. சிரிப்பெல்லாம் போய்விட்டது. உங்கள் காரியத்தன்று என் நெற்றிப் பொட்டை அழித்தபோது யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே ஒரு மனிதர், நான் தொடாமல் தானும் தொடமாட்டேன் என்று கைகட்டி நிற்கிறார். அழுதுகொண்டேதான் துடைத்தேன் மாமா.

பாய் சாக்கெட்டைப் பிடுங்கிக் காட்டினார். உள்ளே பித்தளைக் குடத்தில் பிடிக்கிற மாதிரி பச்சைக் களிம்பு. நீங்கள் குழைத்துக் குழைத்து வைத்த சந்தனத் தண்ணீர் ஒவ்வொரு வருஷமும் அதற்குள் இறங்கியிருக்கிறது. சுரண்டி, மருந்தடித்து, காயவைத்து மாட்டினார். ஸ்டார்ட் செய்தேன். ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு தீயைக் குறைத்த உலை மாதிரி ஒரே சீராக ஓடியது. காலை எடுத்தேன், ஓடியது. இரண்டு காலையும் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டேன், அப்போதும் ஓடியது!

அப்போதுதான் உறைத்தது. எங்கே நின்றாலும் பிரேக்கில் ஒரு காலும் ஆக்சிலேட்டரில் ஒரு காலுமாக உர்ர் உர்ர் என்று உறுமிக்கொண்டே இருப்பீர்களே, அதை நான் உங்கள் ஸ்டைல் என்றல்லவா நினைத்திருந்தேன்? அணையாமல் பார்த்துக்கொண்டது வண்டியையா, உங்கள் கௌரவத்தையா?

ஞாயிற்றுக்கிழமை பெரியவனை பஸ் ஸ்டாண்டில் இருந்து நானே கூட்டி வந்தேன். கூட்டு ரோட்டில் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். பிள்ளை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆஃப் ஆவலையாம்மா?" என்றான். "ஆவாது" என்றேன். வீட்டுக்கு வரும் முன்பே பழைய இரும்புக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

திட்டி முடித்தேன். இனி வாக்கு. வருகிற ஆயுத பூசைக்கு வண்டிக்கு நானே பொட்டு வைப்பேன், பானெட்டுக்கு மேலே, எல்லோரும் பார்க்கிற இடத்தில். அதே கிண்ணத்தில் விரலைத் தொட்டு என் நெற்றியிலும் ஒன்று வைத்துக்கொள்வேன். யாரையும் கேட்கப் போவதில்லை. உங்களிடம் மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இன்றும் உங்கள் மாமன் மகள்தான்,
கோமதி