காது அக்காவின் பென் டிரைவ்

ஜூன் 3
புதிய புகார். ஒரு மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் அக்கா. அவருடைய மென்பொருள் பழைய கணினியில்தான் ஓடும். அது செத்துப்போனதால், எங்கள் நிறுவனத்தின் எமுலேட்டர் மென்பொருளைப் போட்டு, புதிய கணினிக்குள் அந்தப் பழையதைப் போலவே ஒரு பொய்க் கணினியை ஓட்டுகிறார்கள். ஒரு பென் டிரைவைக் கழற்றி வேறொன்றைச் செருகினால், உள்ளே முந்தையதே தெரிகிறதாம். போனில் வெகுநேரம் பேசினார். பாதிக்கு மேல் தன் மாடிவீட்டுக்காரர் புராணம்.

ஜூன் 5
வேலை வீட்டிலிருந்தே என்றானபின், இந்த ஊரில் என்னிடம் வாய் திறப்பவர் பார்சல் கொண்டுவருபவர் மட்டும். அவரும் கையெழுத்து கேட்பதோடு சரி. அக்கா இன்றும் அழைத்தார். "சாப்டியாம்மா?" என்றுதான் தொடங்குகிறார். என்ன சாப்பிட்டேன் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

ஜூன் 9
பிடிபட்டுவிட்டது. பென் டிரைவைப் பிடுங்கியதை எமுலேட்டர் உள்ளே இருக்கும் கணினிக்குச் சொல்வதே இல்லை. அதுவும் பழையது இன்னும் இருப்பதாக நம்பி, பழையதில் எது எங்கே இருந்தது என்ற கணக்கிலேயே புதியதில் எழுதுகிறது. எழுதியதெல்லாம் நாசம். திருத்தம் சில வரிகள்தான். சோதித்தேன், ஓடுகிறது.

அனுப்பவில்லை.

ஜூன் 10
இன்றும் அனுப்பவில்லை. அழைத்தார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். சரியாகிவிட்டால் இவர் எதற்கு என்னை அழைக்கப்போகிறார்?

ஜூன் 11
அக்காவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. நேற்று நான்கு வயதுக் குழந்தைக்கு எடுத்த சோதனை பென் டிரைவில் அழிந்துபோயிற்று. இன்று மறுபடி வரவழைத்தார்களாம். வெளிச்சத்தம் புகாமல் அடைத்த அந்தச் சோதனை அறைக்குள் போகமாட்டேன் என்று குழந்தை ஒரே அழுகை.

"அவ அம்மா என்னைத் திட்டவே இல்லம்மா. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல."

நேத்து. முந்தாநாளே திருத்தம் என்கிட்ட இருந்துச்சே. ஒரு போனுக்காகவா இப்படிப் பண்ணேன்? சீ.

உடனே அனுப்பிவிட்டேன்.

ஜூன் 13
சரியாகிவிட்டது, நன்றி என்று ஒரு வரி வந்தது.

ஜூன் 20
போன் வரவில்லை. வரவேண்டிய காரணமும் இல்லை.

ஜூன் 24
நானே அழைத்தேன். "என்னம்மா, ஏதாச்சும் கெட்டுப்போச்சா?" என்றார். எதுவும் கெடவில்லை என்றேன். பிறகு திருத்தத்தை வைத்துக்கொண்டு அனுப்பாமல் இருந்ததையும், ஏன் என்பதையும் சொன்னேன். மறுமுனையில் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"இப்ப எனக்குக் கோவமா வருது. எதுவும் பேசவேணாம். நாளைக்குக் கூப்பிடறேன்."

வைத்துவிட்டார்.

நாளைக்கு என்றுதான் சொன்னார்.