கட்டம் காலியாக இருக்கக் கூடாது

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். நீயும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன், ஏனென்றால் நீ எழுதமாட்டாய். சிகிச்சை மையத்துக்குள் போன் கூடாது என்றார்கள், சரி. பேனாவும் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! நீ உள்ளே போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. ஒரு வரி போட்டால் கை தேய்ந்தா போகும்?

நேற்று எங்கள் சட்டைத் தொழிற்சாலை நோட்டீஸ் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையை நாடு முழுக்க எப்படிச் சீர்படுத்தலாம் என்று அரசாங்கம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறதாம். நாள் முழுக்கக் காலரையும் காஜாவையும் பார்த்துக்கொண்டிருக்கிற என்னிடம்கூட! ஒன்பது கேள்வி. ஒரு படிவத்தை உருவி டிபன் பைக்குள் வைப்பதைப் பக்கத்து மேஜைக்காரி பார்த்துவிட்டாள். "யாருக்குக்கா இது?" என்றாள். "எங்க தெருவுல ஒருத்தருக்கு" என்றேன். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மன்னித்துவிடு.

உன் மாமா அதே பல்லவிதான். "தொண்ணூறு நாள் முழுசா முடிச்சுட்டு வரட்டும், பின்னறை அவனுக்குத்தான். ஒரு நாள் குறைஞ்சாலும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது." வாய்தான் அப்படி. போன ஞாயிற்றுக்கிழமை பின்னறையில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் தானே ஒழித்துவிட்டுப் புது பல்பு மாட்டியிருக்கிறார். உன் குட்டி மருமகளிடம், நீ பெரிய கட்டடத்தில் லிஃப்ட் மாட்டப் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "எத்தனை மாடி?" என்று தினம் நச்சரிக்கிறாள். தொண்ணூறு என்றேன்.

அங்கே எது நல்லது, எது கெட்டது, எல்லாவற்றையும் எழுது. படிவத்தில் போடுகிறேன்.

உன் அக்கா

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

கை நடுக்கம் குறைந்திருக்கிறது. கையெழுத்தைப் பார்த்து நம்பமாட்டாய். அது எப்போதுமே கோழி கிளறியதுதான்.

இங்கே யாருக்கும் பெயர் கிடையாது, தொழில்தான். பெயின்டர், வாத்தியார், டிரைவர். நான் 'லிஃப்ட்'. காலையில் எழுந்ததும் பெயின்டர் கேட்பார்: "என்ன லிஃப்ட், இன்னைக்கு எந்த மாடியில நிக்குறே?" நல்ல நாளில் மூன்றாவது மாடி என்பேன். மற்ற நாட்களில் அடிக்குழியில்.

உன் படிவத்துக்கு எழுதிக்கொள். இந்தப் படுக்கைக்கு நான் ஐந்து மாதம் காத்திருந்தேன். பெயின்டர் எட்டு மாதம். அவரோடு பெயர் கொடுத்த நண்பரால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார், நாற்பது பேருக்கு இரண்டு மணி நேரம். லிஃப்ட் குழியில் விழுந்து முதுகு போனபோது எனக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்களே, அதை எப்படி ஆரம்பிப்பது என்று சொன்னார்கள். எப்படி நிறுத்துவது என்று ஒருவரும் சொல்லவில்லை. இதை முதலில் எழுது.

இன்னொன்று. இங்கே மருந்தை ஒரேயடியாக நிறுத்தமாட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். டாக்டர் வருகிற நாளில் கையெழுத்துப் போட்டுத் தரும் சீட்டு இருந்தால்தான், அவர் அடுத்து வரும்வரை மாத்திரை. இரண்டாவது வாரம் டாக்டர் லீவு. சீட்டு இல்லை. இரண்டு நாள் மாத்திரை இல்லை. உடம்புக்குள் எறும்பு புற்று வைத்ததுபோல் இருந்தது அக்கா. பையை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் கேட் வரை போய்விட்டேன். வார்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஓடி வந்து கையைப் பிடித்தார். "பையக் கீழ வைப்பா. நாளைக்கு டாக்டர் வந்துடுவாரு. அதுவரைக்கும் என்கூடப் பேசிட்டிரு." அலமாரியைத் திறந்து அரை மாத்திரை கொடுத்தார். சாயங்காலம் வரை துணி துவைக்கிற இடத்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, தொலைந்துபோன தன் சைக்கிளைப் பற்றியே பேசினார். அவ்வளவு நீளமான சைக்கிள் கதையை நான் கேட்டதே இல்லை. அந்த மனுஷன் இல்லையென்றால் இந்தக் கடிதமும் இல்லை.

கேட் வரை போனதை மாமாவிடம் சொல்லிவிடாதே.

உன் தம்பி

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து, குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு படிவத்தை நிரப்பினேன். நீ சொன்னது ஒன்று விடவில்லை. ஆறாவது கேள்வி, 'சிகிச்சையில் உண்மையாக உதவியது எது? உதாரணத்துடன் எழுதவும்.' உன் வார்டு அண்ணனைப் பற்றித்தான் முழுப் பக்கமும். சீட்டு இல்லாவிட்டாலும் அரை மாத்திரை கொடுத்து ஒரு உயிரைக் காப்பாற்றினார், இப்படிப்பட்டவர்களுக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்று எழுதினேன். மேலிடத்தில் படித்தால் அவருக்கு ஒரு பாராட்டாவது வராதா?

மையத்தின் பெயர், வார்டு எண் எழுதுகிற இடத்தில் 'விரும்பினால்' என்று போட்டிருந்தது. என்னைத்தான் உனக்குத் தெரியுமே. செக்கிங் சீட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மொத்தக் கட்டும் எங்களிடமே திரும்பி வந்துவிடும். பதினெட்டு வருஷப் பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. எல்லாவற்றையும் நிரப்பினேன். உன் மருமகள் ஸ்டாம்ப் ஒட்டினாள்.

கேட் விஷயத்தை மாமாவிடம் மூச்சு விடவில்லை. பார்த்தாயா, அக்காவுக்கும் ரகசியம் காக்கத் தெரியும்!

உன் அக்கா

மார்ச் 14

அக்கா,

திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மருந்து அலமாரியை எண்ணினார்கள். பதிவேட்டைப் புரட்டினார்கள். பிறகு வார்டு அண்ணனை ஆபீசுக்குள் உட்கார வைத்து, நீ எழுதிய பக்கத்தை உரக்கப் படித்தார்கள். கதவு திறந்தே இருந்தது. வார்டு முழுக்கக் கேட்டது. சைக்கிள்கூட இருந்தது அதில். அவர் எதையும் மறுக்கவில்லை. மத்தியானமே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷ வேலை அக்கா.

சாப்பாட்டுத் தூக்கை எடுக்க வார்டுக்கு வந்தார். என்னால் தலை நிமிர முடியவில்லை. "உங்க அக்கா நல்லாத்தான்பா எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு அறை விட்டிருக்கலாம்.

இப்போது என் பக்கத்தில் யாரும் சாப்பிட உட்காருவதில்லை. பெயின்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "லிஃப்ட், எல்லாரும் உள்ள இருக்கும்போதே கேபிளை அறுத்துட்டியே." புதன்கிழமை டாக்டர் மறுபடி லீவு. சீட்டு இல்லை. இப்போது கொடுக்க யாருக்கும் தைரியமும் இல்லை. வாத்தியார் சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். தடுக்க ஆளில்லை.

இன்று நானும் போகிறேன். அறுபத்தொரு நாள். மாமாவின் தொண்ணூறுக்கு இருபத்தொன்பது குறைகிறது, அதனால் வீட்டுக்கு வரமாட்டேன். உன்மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் பேசிவிடலாம். நீ நல்லதுக்குத்தான் செய்தாய். அதனால்தான் இனி உன்னிடம் எதைச் சொல்லவும் பயமாக இருக்கிறது.

என்னைத் தேடாதே.

தம்பி

மார்ச் 22

என் கண்ணே,

இதை மையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடை விலாசத்துக்குப் போடுகிறேன். நீ அங்கே அவ்வப்போது வந்து போகிறாய் என்று கடைக்காரர் சொன்னார்.

உன் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர், மூன்று நாளாக பஸ் ஸ்டாண்டு, மருந்துக்கடை வாசல், நீ முன்பு வேலை பார்த்த கட்டடங்கள் என்று அலைகிறார். நேற்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாள் கணக்கு நான் சும்மா சொன்னதுடி. ஒரு பிடிமானத்துக்குச் சொன்னேன். வரச் சொல்லு" என்று அழுதார். கல்யாணமான நாளாக அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை.

வார்டு அண்ணன் வீட்டுக்கும் போனேன். காலில் விழத்தான் போனேன். அவர் மனைவி முகம் கொடுக்கவில்லை, ஆனாலும் தண்ணீர் கொடுத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தயவுசெய்து நிதானமாகப் படி. "என்னை விடும்மா, தம்பியைத் தேடுங்க. அறுபது நாளா மருந்தைக் குறைச்ச உடம்பு அது. பழைய அளவை எடுத்தா தாங்காது. அதை மட்டும் எப்படியாவது அவன் காதுல போட்டுடுங்க."

படித்துவிட்டாயா? இன்னொரு தடவை படி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்து வைத்திருக்கிறேன். திட்டவாவது வா. உன் மாமா வாசலில்தான் இருக்கிறார்.

அக்கா

ஜூன் 6

தம்பிக்கு,

மார்ச்சில் போட்ட கடிதம், கடை பூட்டியிருந்த நாளில் போய், வாங்க ஆளில்லை என்று திரும்பி வந்துவிட்டது. உறையைப் பிரிக்காமல் இதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். டீக்கடைக்காரர் உன்னைக் கடைசியாகப் பார்த்தது ஏப்ரல் முதல் வாரம் என்கிறார். இதை அவர் கையிலேயே கொடுக்கப்போகிறேன்.

கருத்துக் கேட்ட குழுவிடமிருந்து எனக்கு ஒரு புத்தகம் வந்தது. என் கருத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் நான் எழுதியது இருக்கிறது. இப்படி: 'சில மையங்களில் ஊழியர்கள் சீட்டின்றி மருந்து வழங்குவது தெரியவந்துள்ளது. கண்காணிப்பு பலப்படுத்தப்பட வேண்டும்.' டாக்டர் லீவு பற்றி எங்கேயாவது இருக்கிறதா என்று மூன்று தடவை தேடினேன். இல்லை. நாட்டுக்கே கருத்துச் சொல்லக் கிளம்பியவள், எழுதலாமா என்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தொழிற்சாலையில் இப்போது எல்லாருக்கும் தெரியும். தெருவில் ஒருத்தர் இல்லை, என் கூடப் பிறந்தவன் என்று நானே சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரியின் புருஷனும் காத்திருப்புப் பட்டியலில்தான் இருக்கிறாராம்.

புத்தகத்தோடு இரண்டாவது படிவமும் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே ஒரு கேள்வியைத்தான் படித்தேன். 'சிகிச்சை பெற்றவரின் தற்போதைய நிலை.' நாலு கட்டம். சிகிச்சையில் உள்ளார். சிகிச்சையை முடித்தார். இடையில் நிறுத்தினார். உயிருடன் இல்லை.

காலியாக விட எனக்கு வராது. நிரப்பவும் கை வரவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து, ஸ்டாம்ப் ஒட்டிய உறையோடு உள்ளே வைத்திருக்கிறேன். கடிதமெல்லாம் எழுத வேண்டாம். முதல் மூன்றில் எதிலாவது ஒன்றில் நீயே டிக் போட்டு அனுப்பு. எதில் போட்டாலும் அக்கா கோபித்துக்கொள்ளமாட்டேன். யாரிடமும் சொல்லவும்மாட்டேன்.

அக்கா