புளி போட்டுத் தேய்த்த கல்

திருச்செல்வம் அவர்களுக்கு,

என் கடல்மீன் தொட்டியில் இருந்த கல்லைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைத்திருக்கிறீர்கள். கேட்டால், "நாளைக்கு வீட்ல சாமி கும்பிடறோம் லா, ஊதாவா அழுக்கு புடிச்சிருந்துச்சு" என்கிறீர்கள்.

அது அழுக்கு இல்லை, உயிர். அந்தக் கல்லில் வாழ்ந்த கிருமிகள்தான் தண்ணீர் விஷமாகாமல் பார்த்துக்கொண்டன. இப்போது அது வெறும் கல்.

புக்கிட் பெலிம்பிங்கில் தேவதாஸ் அண்ணன் தன் தொட்டியிலிருந்து ஒரு கல் தருகிறார். வாங்கப் போகிறேன். மீன் இரண்டும் நீல வாளியில் இருக்கின்றன. காற்று மோட்டாரை நிறுத்த வேண்டாம். உதவியும் செய்ய வேண்டாம்.

சோறும் பருப்பும் மேசையில் இருக்கின்றன. புளி தீர்ந்துவிட்டது, ரசம் இல்லை.

கண்மணி

மறந்துவிட்டேன். கல்யாணமானதிலிருந்து நீங்கள் தொடாத வேலை ஒன்று இருக்கிறது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வையுங்கள். அதில் உயிர் எதுவும் இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம்.