ஒருத்தன் இருபது பேரை அடிக்கிற படம்

நிதுர்ஷனின் அப்பாவுக்கு,

முருகன் துணை. உங்கட சளி குறைஞ்சுதா? நான் இங்க குவைத்தில் சுகம்.

வெள்ளிக்கிழமை படம் பார்த்தது மூன்று பேர்: கட்டிலில் வீட்டுக்கார அம்மா, தரையில் நான், வாசலில் டிரைவர் பேர்னாட். விரதநாளில் அடிதடிப் படமா எண்டு சிரிக்காதீங்க. ‘ஒருத்தன் எப்படி இருபது பேரை அடிப்பான்’ எண்டு அங்க உங்களை ஏசினவள் நான்தான். வாதத்தால் பேச்சிழந்த இந்த அம்மா, சண்டை வந்தால் மட்டும்தான் சிரிப்பா. அவவுக்காகப் போடத் தொடங்கி, இப்ப ஆள் பறந்து விழுந்தால் நானும் கை தட்டுறன். படம் முடிய முருகன் பேரைச் சொல்லி விரதக் கணக்கைத் தீர்ப்பன்.

அன்று கடைசிச் சண்டைக்குள்ள அவட தலை சரிஞ்சுது. ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கயில்ல. எனக்கு ஒண்டுமில்ல, பயப்படாதீங்க. வெள்ளிக்கிழமை பார்த்த குற்றமோ எண்டு மட்டும் மனம் அடிக்குது. அவ இல்லாட்டி இந்தக் குவைத்தில் எனக்கு வேலையும் இல்ல, சேர்ந்து சிரிக்க ஆளும் இல்ல.

அவ வேற சமயம், அர்ச்சனைக்குச் சொல்ல நட்சத்திரம் கிடையாது. நம்மட மண்டூர் முருகன் கோயிலில் பூசகர் வாயைத் துணியால கட்டி, மந்திரம் சொல்லாமத்தானே பூசை, பேர் ஒருத்தரும் கேட்கமாட்டாங்க. அவவை நினைச்சு ஒரு பூத்தட்டு குடுத்துட்டு வாங்க. படத்தின் முடிவை நான் இன்னும் பார்க்கயில்ல. அவ வரட்டும்.

பேர்னாட் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுறார். பூத்தட்டு குடுத்ததும் கெதியா பதில் போடுங்க.

சீதேவிப்பிள்ளை