அப்பா போட்ட ரோடு

ரைபிள் ரேஞ்ச் பிளாட்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.
10-4-1983

அன்புள்ள அப்பாவுக்கு, சந்திரிகா எழுதுவது.

அம்மாவுக்கு முட்டி வலியைத் தவிர குறை இல்லை. எனக்கு வேலை இல்லாததைத் தவிர குறை இல்லை. நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன்.

பாயான் லெப்பாஸ் பெக்டரியை விட்டுவிட்டேன். ஐந்தாம் பாரத்தில் பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தை விட்டவள்தானே, இதையும் விட்டுவிட்டாயா என்று அம்மா இரண்டு நாள் திட்டினாள். ஆனால் விடுவதற்கு முன் ஒரு நல்ல காரியம் செய்தேன். பழைய ஹோண்டா மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டேன். நீலக் கலர் கப்சாய். லைசென்சும் எடுத்தாகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். கிரிக் பக்கம் மலை ரோடு போடுகிறார்கள், லாரி ஓட்ட ஆள் வேண்டும் என்று நீங்கள் போனபோது எனக்குப் பதினொரு வயது. முதலில் அடிக்கடி வந்தீர்கள். அப்புறம் தீபாவளிக்கு மட்டும். அப்புறம் கடிதம் மட்டும். கேட்டால், 'மலைக்கு அந்தப் பக்கம் கிளந்தானுக்கு வந்துவிட்டேன், சுற்றி வர இரண்டு நாள் ஆகும்' என்று எழுதினீர்கள். சரி. இப்போது அந்த ரோடு திறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. காலையில் பெர்ரி ஏறினால் சாயங்காலம் உங்கள் ஊர் தானா மேரா என்கிறார்கள். நீங்கள் வரவில்லை. அதனால் நான் வருகிறேன்.

உங்கள் வீட்டில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். 'இது என் மகள்' என்று யாரிடமாவது நீங்கள் சொல்வதை என் காதால் கேட்க வேண்டும். அவ்வளவுதான். மறுநாளே திரும்பிவிடுவேன்.

தீவைத் தாண்டி இதுவரை ஓட்டியதில்லை. என்ன எடுத்து வர வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும்? எழுதுங்கள்.

உங்கள் மகள்,
சந்திரிகா


ஹனீபா ஒர்க்‌ஷாப்,
தானா மேரா, கிளந்தான்.
24-4-1983

ஆசை மகள் சந்திரிகாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ சைக்கிள் பழகியபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியது நினைப்புக்கு வந்தது. விட்டுவிட்டேன் என்று தெரிந்ததும் திரும்பிப் பார்த்துத் திட்டினாய்.

மோட்டார் சைக்கிளில் பாரம் ஏற்றுவது லாரி மாதிரி இல்லை அம்மா. கனமானதெல்லாம் கீழே, உன் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். லேசானது பின்னால். பின்னால் கனம் போனால் முன் சக்கரம் மிதக்கும், வளைவில் கைப்பிடி ஆடும். கயிறு வேண்டாம், நனைந்தால் தளரும். பழைய டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டிக்கொள். நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று இழுத்து, முடிச்சுப் போடாமல் நுனியைக் கட்டுக்குள்ளேயே சொருகு. அவிழாது. இது நானே கண்டுபிடித்த கட்டு.

பிளக் ஒன்று, பிளக் ஸ்பானர், டியூப், கைப் பம்பு, மழைக்கோட்டு. கிரிக்கில் டாங்க் நிறைய எண்ணெய் போட்டு, ஒரு டின்னிலும் வாங்கிக்கொள். ஜெலி வரைக்கும் மலைதான், கடை கண்ணி கிடையாது. யானை நின்றால் ஹாரன் அடிக்காதே. தூரத்திலேயே நில், அது போகும்போது போகட்டும். இருட்டுவதற்கு முன் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும், இருட்டினால் ஆர்மிக்காரர்கள் ரோட்டை மூடிவிடுவார்கள், காட்டில் கம்யூனிஸ்ட் பயம்.

அவசரம் இல்லை. முதலில் நன்றாகப் பழகு.

அன்புடன்,
அப்பா


ஜார்ஜ்டவுன்
8-5-1983

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் வருகிறாளா, லாரி வருகிறதா? இவ்வளவு சாமானா லா! ஆனாலும் எல்லாம் சேர்த்துவிட்டேன். லோரோங் கூலிட் பழைய சாமான் பாசாரில் பட்டாளத்துப் பை ஒன்று கிடைத்தது. அதற்குள் சாமானைப் போட்டு, அரிசி மூட்டையையும் சேர்த்துக் கட்டி, பழகுவதற்காக பாலிக் பூலாவ் மலை ரோட்டில் ஏறினேன். இரண்டாவது வளைவில் மூட்டை தனியாக இறங்கி உருண்டது. டுரியான் பழம் விற்கிற சீனக் கிழவர் எடுத்துக் கொடுத்துவிட்டு, வண்டி உனக்கா மூட்டைக்கா என்று கேட்டார். நான் முடிச்சுப் போட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி சொருகினேன், வீடு வரைக்கும் அசையவில்லை. நீங்கள் கெட்டிக்காரர்தான்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பதினான்காவது மாடிக்கும் கீழேயும் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் தெரியாதா? சண்டை போடுவாள் என்று நினைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "போறதுன்னா போ. எப்ப வருவீங்கன்னு மட்டும் அவருகிட்ட கேக்காத" என்றாள்.

நான் வளைத்துப் பேசத் தெரியாதவள், உங்களுக்குத் தெரியும். அங்கே உங்களுக்கு ஒருத்தி இருந்தால் இருக்கட்டும். அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் போல. நான் சண்டை போட வரவில்லை. யாரையும் கூட்டிக்கொண்டு போகவும் வரவில்லை. உங்களைப் பார்க்க வருகிறேன். ஜூனில் வரட்டுமா?

உங்கள் மகள்,
சந்திரிகா


தானா மேரா
25-5-1983

ஆசை மகளுக்கு,

அரிசி மூட்டையை வைத்துப் பழகியது நல்ல யோசனை. ஆனால் பட்டாளத்துப் பை தண்ணீர் குடிக்கும். உடுப்பையெல்லாம் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அமுக்கி எடுத்துவிட்டுக் கட்டு. கிளட்ச் இல்லாத வண்டி, இறக்கத்தில் பிரேக்கையே நம்பாதே, கியரைக் குறைத்து விடு. பின் டயர் தேய்ந்திருந்தால் மாற்று. காலுறை இரண்டு ஜோடி வேண்டும்.

ஜூன் வேண்டாம் அம்மா. நோன்பு மாதம். இங்கே பகலில் சாப்பாட்டுக் கடை எதுவும் திறந்திருக்காது, நீ பசியோடு வருவாய். பெருநாள் முடியட்டும், பார்க்கலாம். தங்குவதற்கு ரயில் ஸ்டேஷன் பக்கம் சீனர் ஓட்டல் ஒன்று இருக்கிறது. சுத்தமான இடம்.

அன்புடன்,
அப்பா


ஜார்ஜ்டவுன்
20-7-1983

அன்புள்ள அப்பாவுக்கு,

நோன்பும் முடிந்தது, பெருநாளும் முடிந்தது. டயர் புதுசு. காலுறை இரண்டு ஜோடி. நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் மூட்டையில் இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், போகிற வருகிற நேரமெல்லாம் காலில் இடித்துக்கொள்கிறேன்.

நீங்கள் எழுதாதது ஒன்றுதான். வீடு எங்கே? ரோட்டைப் பற்றி எழுதினீர்கள், யானையைப் பற்றி எழுதினீர்கள். வந்து சேர்ந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று ஒரு வரி இல்லை. ஹனீபா கடை வாசலில் நின்று டீ குடித்துவிட்டு, சீனர் ஓட்டலில் படுத்துவிட்டுப் போவதற்கா இவ்வளவு கட்டினேன்?

விலாசம் எழுதுங்கள் அப்பா.

உங்கள் மகள்,
சந்திரிகா


தானா மேரா
9-8-1983

ஆசை மகளுக்கு,

உன் கோபம் தெரிகிறது. எனக்கு ரோட்டு வேலை, வீட்டில் நிற்கிற நேரம் குறைவு. இனி மழைக்காலம் வரும். மலையில் மண் சரியும், நானே பார்த்திருக்கிறேன். பிப்ரவரியில் ரோடு காயும், அப்போது பேசிக்கொள்ளலாம். வண்டியை வெயிலில் நிறுத்தாதே. சங்கிலிக்கு எண்ணெய் விடு.

உன் மேல் பாசம் இல்லாதவன் என்று மட்டும் நினைத்துவிடாதே.

அப்பா


ஜார்ஜ்டவுன்
26-8-1983

அப்பாவுக்கு,

மழை நவம்பரில்தான். பினாங்கில் இருக்கிற எனக்கே தெரியும். 31-ம் தேதி மெர்டேக்கா லீவு, சுதந்திர தினம். அன்று காலை முதல் பெர்ரியில் கிளம்புகிறேன். சாயங்காலம் ஹனீபா கடையில் வந்து நிற்பேன். கூட்டிக்கொண்டு போக வாருங்கள்.

உங்கள் மகள்,
சந்திரிகா


ஜார்ஜ்டவுன்
5-9-1983

அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வழியில் எப்படி இருந்தது, என்ன ஆயிற்று என்று அன்றைக்கு நீங்கள் என்னிடம் எதுவும் கேட்க முடியாத இடத்தில் இருந்தீர்கள். அதனால் கேட்காததற்கெல்லாம் நானே பதில் எழுதுகிறேன்.

கூலிம், பாலிங் வழியாக கிரிக். அங்கே நீங்கள் சொன்னபடி டின்னில் எண்ணெய். ரோடு அருமையாக இருக்கிறது அப்பா. அந்தப் பெரிய ஏரிப் பாலத்தில் நிறுத்தினேன். ஒரு மலாய்க் குடும்பம் போட்டோ பிடித்துக்கொண்டிருந்தது. கேட்காமலே அவர்களிடம் போய், இந்த ரோட்டுக்கு என் அப்பாதான் கல் ஏற்றினார் என்று சொன்னேன். அவர்கள் பிஸ்கட் கொடுத்தார்கள். எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை.

ஹனீபா கடையில் உங்கள் பேரைச் சொல்லி, பக்கிரிசாமி எங்கே என்று கேட்டேன். ஹனீபா பெரியவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். மேசையில் என் கடிதம் பிரிக்காமல் கிடந்தது. முந்தின நாள்தான் வந்ததாம்.

"சந்திரிகாவா நீ? பக்கிரிசாமின்னு கேட்டா இந்த ஊர்ல யாருக்கும் தெரியாதும்மா. இங்க அவரு கமாலுதீன். ரொஸ்னாவக் கட்டி அஞ்சு வருசம் ஆச்சு, ஒரு பொண்ணு இருக்கு. ஊட்டுக்கு மட்டும் போவாத. எனக்கு ஆளே இல்லன்னு சொல்லித்தான் கட்டினாரு."

நீங்கள் வேற சாமியைக் கும்பிடுவது எனக்கு வலிக்கவில்லை. வேற பேர் வைத்துக்கொண்டதும் வலிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். 'ஆளே இல்லை' என்றீர்களே, அதுதான்.

ஹனீபா வழி சொல்லவில்லை. டீக்கடையில் கமாலுதீன் வீடு என்றேன், உடனே கை காட்டினார்கள். எல்லாவற்றையும் போட்டு உடைக்கத்தான் வந்தேன். படிக்கட்டில் கால் வைத்ததும் ரொஸ்னா என் முகத்தையும் வண்டி நம்பரையும் பார்த்தாள். பினாங்கிலிருந்தா, கெசியான், ஐயோ பாவம், மேலே வா என்றாள். நான் யார் என்று கேட்பதற்கு முன்னால் சோறும் மீனும் வைத்துவிட்டாள். என்ன விஷயம் என்று அப்புறம்தான் கேட்டாள். சங்கிலி தளர்ந்துபோச்சு என்றேன். அது பொய் இல்லை, ஜெலி தாண்டியதிலிருந்து அடித்துக்கொண்டுதான் வந்தது. என் வீட்டுக்காரர் வந்து பார்ப்பார், அவரும் அந்த ரோட்டில் வேலை செய்தவர்தான், பாவம், சொந்தம் என்று யாரும் இல்லாதவர், யார் வந்தாலும் சந்தோஷப்படுவார் என்றாள்.

அப்படித்தான் உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நீங்கள் உங்கள் சின்ன மகளை வண்டியில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். நரைத்துவிட்டது உங்களுக்கு. ரொஸ்னா விஷயத்தைச் சொன்னாள். நீங்கள் சங்கிலிக்கு முன்னால் குந்தினீர்கள். தலையைத் தூக்காமல், ரோட்டில் போகிற எந்தப் பெண் பிள்ளையையும் கேட்கிற மாதிரி, "ஆடேக் டாரி மானா?" என்று கேட்டீர்கள்.

தங்கச்சி எங்கிருந்து என்று கேட்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாதா? "பினாங்கு" என்றேன்.

ரொஸ்னா மூட்டையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். இவரும் இப்படித்தான் கட்டுவார், உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள். என் அப்பா என்றேன். நல்ல அப்பா என்றாள்.

அந்த இடத்தில் நீங்கள் சொல்லியிருக்கலாம். அவள் அழுதிருப்பாள், கத்தியிருப்பாள், அப்புறம் எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள் என்று எனக்கு ஒரு வேளைச் சோற்றில் தெரிந்தது. கூட வாழ்கிற உங்களுக்குத் தெரியவில்லை.

நானும் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். நீங்கள் நட்டைத் திருகிக்கொண்டே இருந்தீர்கள். அது எப்போதோ இறுகிவிட்டது, இன்னும் திருகிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்து நீங்கள் பயந்துபோயிருந்தீர்கள் அப்பா. நான் வருவதைப் பார்த்து யாரும் அப்படிப் பயந்ததில்லை. தெரிமா காசி என்று நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

சீனர் ஓட்டல் சுத்தமாகத்தான் இருந்தது.

இப்போது யோசித்தால், கிளம்பியிருக்கவே வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் மூட்டை கிடந்த நாட்களே நல்ல நாட்கள். பிளக் கொண்டு வா, காலுறை கொண்டு வா என்று எனக்கு ஒரு அப்பா எழுதிக்கொண்டிருந்தார். நான்தான் விலாசம் கேட்டு அவரைத் தொலைத்துவிட்டேன்.

இனி எழுத வேண்டாம். எழுதினால் பதில் வராது. ரொஸ்னாவுக்கு நீங்களே ஒரு நாள் சொல்லுங்கள். என்னைக் கூப்பிடுவதற்காக இல்லை, அவளுக்காக.

அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மாடியிலிருந்து வண்டி வருவதைப் பார்த்திருக்கிறாள். நான் பையைக் கூட இறக்கவில்லை.

"பாத்தியா?" என்றாள்.

"பக்கிரிசாமின்னு அந்த ஊர்ல யாரும் இல்லம்மா" என்றேன்.

அம்மா என் பையை வாங்கி உள்ளே வைத்தாள். அப்புறம், "சரி, போய் குளிச்சிட்டு வா" என்றாள்.

சந்திரிகா