இரண்டு பேருக்கு அளவு

என்னங்க,

நேற்று போனில் கேட்டீர்களே, இரண்டு பேருக்கு என்றால் ஒரு டம்ளர் அரிசியும் கால் டம்ளர் பருப்பும் சரியாக இருக்கும். பருப்பு வெந்த பிறகு உப்புப் போடுங்கள். இதை அப்போதே சொல்லியிருக்கலாம். குட்டி கூப்பிடுகிறாள் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

காரம் குறைய என்ன செய்வது என்றும் கேட்டீர்கள். ஒரு உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். நான் காரம் குறைத்தபோதெல்லாம், "என்னடி இது, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி?" என்று மிளகாய்த்தூளைத் தூவிக்கொண்டவர் நீங்கள். வேலைக்காக ஊர் மாறினால் நாக்குமா மாறிவிடும்?

முன்பெல்லாம் ஒரு ஆளுக்குத்தான் அளவு கேட்பீர்கள். இப்போது இரண்டு பேருக்குக் கேட்டதும், மீதியை ராத்திரிக்கு வைத்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். மீந்த சோற்றை நீங்கள் தொடவே மாட்டீர்கள் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

கீழ்வீட்டுத் தையல்காரக்கா, "உன் வீட்டுக்காரர் சமைக்கவே கத்துக்கிட்டாராமே, கொடுத்து வச்சவடி நீ" என்றார். "ஆமாக்கா" என்றேன். குட்டிக்கு ஊட்ட உருட்டிய சோறு கையிலேயே காய்ந்துபோனது. "அம்மா, ஆ" என்று அவள்தான் ஞாபகப்படுத்தினாள்.

சனிக்கிழமை ரயிலில் நானும் குட்டியும் அங்கே வருகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று. அன்றைக்கு உலை மூன்று பேருக்கா, நான்கு பேருக்கா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான்கு என்றால் உங்களிடம் இருக்கும் பாத்திரம் போதாது. இங்கிருந்து பெரியதை எடுத்து வருகிறேன்.

குட்டியின் அம்மா